ஈரமணலுக்குள் வைத்த மருந்து

ஆஸ்பத்திரியில் தருகிற பிளேன்ரீக்குச் சீனி கொஞ்சம் கூடிப்போயிருக்கும். பிள்ளைகள் வாட்டில் இருந்த மற்றத் தாய்மார் முகத்தைச் சுளிப்பார்கள். எனக்கு அது பிடிக்கும். நான் ஊற்றாத தேத்தண்ணீர், நான் அடுப்பு மூட்டாத தேத்தண்ணீர். அதைக் கையில் வைத்துக்கொண்டு யன்னலடியில் இருந்தால் எனக்கு வேறொன்றும் வேண்டாம்.

நீங்கள் கேட்டதற்குத்தான் பதில் சொல்கிறேன். கதையை வேறு பக்கம் கொண்டு போகிறேன் என்று நினைக்க வேண்டாம்.

என் மகள் யதுர்ஷிகாவுக்கு ஏழு வயதில் சீனி வருத்தம் என்று கண்டுபிடித்தார்கள். வயது போன ஆட்களுக்கு வருகிறது மாதிரி அல்ல. காலையும் மாலையும் இன்சுலின் ஊசி போட்டே ஆகவேண்டும். ஊசி தவறிப்போனால் தண்ணீர் விடாய், வயிற்றைப் பிரட்டிச் சத்தி, இழுத்து இழுத்து மூச்சு, பிறகு மயக்கம். மருந்து கூடிப்போனாலும் மயக்கம். தர்மபுரத்தில் எங்கள் ஒழுங்கை முழுக்க ஒரே கேள்விதான். "சின்னப் பிள்ளைக்குச் சீனியோ? ஆற்ற பக்கத்தால வந்தது?" தங்கள் பக்கத்தில் அப்படி ஒருவருக்கும் இல்லை என்று என் கணவர் வீட்டார் சொல்லிவிட்டார்கள். மிச்சமிருந்தது நான்தான்.

கணவர் சிவகரன் கட்டாரில். வெள்ளிக்கிழமைகளில் தொலைபேசியில் முகம் காட்டுவார். "பிள்ளைக்கு ஊசி போட்டாச்சோ? சாப்பிட்டவளோ? சரி, அவளட்டைக் குடு." நல்ல மனிதர், அவரில் குறை இல்லை. என்னிடம் நீ சாப்பிட்டாயா என்று ஒரு நாளாவது கேட்டிருக்கலாம்.

சோற்றை அளந்து போட்டேன். கோயிலில் அன்னதானம் என்றால் அவளை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பள்ளிக்கூடத்தில் யாருக்காவது பிறந்தநாள் என்றால் அவள் கையில் டொபியைப் பொத்திக்கொண்டு வந்து என்னிடம் தருவாள், தின்னவில்லை என்று காட்டுவதற்கு. இரவில் எழும்பி எழும்பி அவளுடைய நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன், வியர்த்திருக்கிறதா என்று. நித்திரை என்ற ஒன்று எனக்கு இருந்ததே மறந்துபோனது. ஒருமுறை வயலுக்குப் போகிற வழியில் சைக்கிளோடு வாய்க்காலுக்குள் விழுந்தேன். நித்திரையில்தான் விழுந்தேன். தண்ணீருக்குள் கிடந்தபோது சுகமாக இருந்தது.

எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை. இன்சுலின் சூடு தாங்காது. ஆஸ்பத்திரியில் தாதி சுகந்தினி மிஸ்தான் வழி சொல்லித் தந்தா. பெரிய மண்சட்டியில் மணலைக் கொட்டித் தண்ணீர் ஊற்றி, நடுவில் சின்ன மண்முட்டியைப் புதைத்து, அதற்குள் மருந்துப் போத்தலை வைத்து, மேலே ஈரத்துணி. குசினி மூலையில், அடுப்புச் சூடு படாத இடத்தில் வைத்திருந்தேன். மணல் காயக் காய நான்தான் தண்ணீர் ஊற்றினேன். யது அதற்குப் பக்கத்தில் குந்தியிருந்து கையை உள்ளே விட்டுப் பார்ப்பாள். "அம்மா, மருந்துக்குக் குளிருது," என்று சிரிப்பாள்.

முதல் முறை நடந்தது உண்மையிலேயே தவறுதலாக. அதை நீங்கள் நம்பவேண்டும். காலை ஊசி போட்டுவிட்டு, களை பிடுங்க ஆட்கள் கூப்பிட்டார்கள் என்று ஓடினேன். போத்தல் வீட்டுப் பின்பக்கம் கிடந்த தகரத்தின்மேல் இருந்துவிட்டது. பங்குனி வெயில். திரும்பி வந்து அதை எடுத்து முட்டிக்குள் வைத்துவிட்டு, மாலையில் அதிலிருந்தே போட்டேன். பார்வைக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. மறுநாள் பிள்ளை சத்தி எடுத்தாள். ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம், அங்கேயே தங்கச் சொல்லி மறித்துவிட்டார்கள்.

அங்கே அவளுக்குச் சேலைன் ஏற்றினார்கள். மிஸ்மார் மாறி மாறி வந்து பார்த்தார்கள். நான் கட்டிலுக்குக் கீழே பாயைப் போட்டுப் படுத்தேன். மற்றத் தாய்மார் உலுப்பி எழுப்பும்வரை படுத்தேன். எழும்பியபோது எந்த ஊர், என்ன கிழமை என்று தெரியவில்லை. சுகந்தினி மிஸ் என்னைப் பார்த்துச் சொன்னா, "அம்மா, உங்களையும் கொஞ்சம் பாருங்கோ. நீங்க விழுந்தா இந்தப் பிள்ளையை ஆர் பாக்கிறது?" எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை காலத்தில் என்னைப் பார்த்து அப்படிச் சொன்ன ஒரே ஆள் அவாதான். அவா சொன்னதை நான் கேட்டேன். வேறு என்ன செய்தேன்?

வீட்டுக்கு விடும்போது புதுப் போத்தல் தந்து, வெயில் பட்டால் மருந்து செத்துவிடும், கண்ணுக்குத் தெரியாது என்று திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டார்கள். நான் கவனமாகக் கேட்டுக்கொண்டேன்.

அதற்குப் பிறகு, என் உடம்பு இனி ஏலாது என்று வரும்போது மட்டும் செய்தேன். நினைத்தபோதெல்லாம் செய்யவில்லை. பிள்ளைக்குச் சூடு காய்ச்சல் இருந்தால் செய்யமாட்டேன். பரீட்சைக் காலத்தில் செய்யமாட்டேன். போத்தலைத் தகரத்தில் வைப்பேன், எடுப்பேன், முட்டிக்குள் வைப்பேன், நேரத்துக்கு ஊசி போடுவேன். அவள் சோர்ந்து தண்ணீர் கேட்கத் தொடங்கியதும் பையைத் தூக்குவேன். ஒருநாளும் பிந்தவிட்டதில்லை. பக்கத்து வீட்டு அன்னபாக்கியமக்கா வேலிப் படலையில் நின்று, "பாவம், இந்தப் பிள்ளையோட நீ படுற பாடு," என்பா. ஓட்டோவுக்குள் ஏறும்போதே எனக்குக் கண் சொருகும்.

பிள்ளைக்கு வலித்திருக்கும். தெரியும். ஊசி ஏற்ற நரம்பு கிடைக்காமல் கையை மாற்றி மாற்றிக் குத்துவார்கள். நான் மறுபக்கம் பார்ப்பேன்.

ஒருமுறை வாட்டில் நானும் நெடுங்கேணிப் பெண் ஒருத்தியும் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தோம். யது கட்டிலில் கிடந்து என்னையே பார்த்தாள். "அம்மா, நீங்க இஞ்ச வந்தாத்தான் சிரிக்கிறியள்," என்றாள். சும்மா கிட என்றேன்.

போன மாதம் வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைத்து என் தோள் இரண்டும் விட்டுப்போயிருந்தன. ஆனாலும் நான் ஒன்றும் செய்வதாக இருக்கவில்லை. சத்தியமாக இல்லை. மத்தியானம் கிணற்றடியிலிருந்து வந்தேன். போத்தல் தகரத்தின்மேல் இருந்தது, நான் வழக்கமாக வைக்கிற அதே இடத்தில். விறாந்தையில் யது பென்சிலால் படம் கீறிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"ஆர் இதை இஞ்ச வைச்சது?"

"நான்தான். நீங்க நல்லாக் களைச்சுப்போனியள் அம்மா. நாங்க ஆஸ்பத்திரிக்குப் போவம்."

நான் அவளுக்கு ஏசவில்லை. போத்தலை எடுத்தேன், கையில் சுட்டது. கொண்டுபோய் முட்டிக்குள் வைத்தேன். துணியை நனைத்து மூடினேன். பின்னேரம் ஊசிக்கு நேரமானது. அவள் சட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். போட்டேன். மறுநாள் காலையும் போட்டேன்.

அன்று பகல் அவள் கூடக் கூடத் தண்ணீர் குடித்தாள். சரி, வெயில் தாழ ஓட்டோவுக்குச் சொல்லலாம் என்று ஒரு கண் அயர்ந்தேன். என் பிழை என்றால் அதுதான். வீட்டில் வைத்து நித்திரை வராது என்று நினைத்தவளுக்கு அன்றைக்கென்று வந்தது. அன்னபாக்கியமக்கா உப்புக் கேட்டு வந்தாவாம். யது படலைவரை வந்து, "மாமி, அம்மா நித்திரை. எழுப்பாதேங்கோ, பாவம்," என்று சொல்லி அனுப்பினாளாம். இதை அக்காவே உங்களிடம் சொல்லியிருப்பா.

எழும்பியபோது வெளிச்சம் மங்கியிருந்தது. ஆஸ்பத்திரிப் பை வாசலில் இருந்தது. அவளே அடுக்கியிருந்தாள். என் துவாய், என் கோப்பை, சுருட்டிக் கட்டிய பாய். அவளுடைய உடுப்பு ஒன்றும் இல்லை. பையோடு சாய்ந்து கிடந்தாள். ஓட்டோவுக்குள் என் மடியில் ஒருமுறை பெரிதாக மூச்சு இழுத்தாள். பரந்தன் சந்தி வருமுன் அதுவும் நின்றுவிட்டது.

எனக்கு அலுப்பாக இருக்கிறது. கேட்டதெல்லாம் சொல்லிவிட்டேன். முன்பு செய்ததெல்லாம் நான்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்றைச் சரியாக எழுதிக்கொள்ளுங்கள். கடைசி முறை மருந்தை வெயிலில் வைத்தது நான் இல்லை. நான் ஊசி மட்டும்தான் போட்டேன், அதுவும் நேரம் தவறாமல்.