செல்ஃப் எடுக்காத டிராக்டர்

பழைய டிராக்டரில் சார்ஜ் ஏறவில்லை என்றால் எல்லோரும் முதலில் பேட்டரியைத்தான் திட்டுவார்கள். பாவம், வாங்கி வைத்ததைத்தானே அது கொடுக்கும். நான் வண்டி ஒயரிங் வேலை செய்பவன், ஐயா. என் தங்கை கணவரின் டிராக்டரையும் நான்தான் பார்த்துவந்தேன்.

தங்கைக்குப் பிரசவ வலி வந்த அன்று நல்ல மழை. வீட்டில் இருந்த வண்டி அது ஒன்றுதான். "செல்ஃப் எடுக்கல மச்சான்" என்றார் மாப்பிள்ளை, தாயும் பிள்ளையும் போன பிறகு. அவள்மேல் போர்த்தியிருந்த நீலப் போர்வையின் ஓரம் கிழிந்திருந்தது. நல்லதாக ஒன்று போர்த்தக்கூட மனம் வரவில்லையே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முந்தின நாள்தான் அந்தப் பேட்டரியைச் சோதித்திருந்தேன். முழு சார்ஜ் இருந்தது. ஆக, அவர் சொன்னது பொய்.

அந்தப் பொய்யை நான் மெய்யாக்கினேன், அவ்வளவுதான். பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டருக்குப் போகும் சின்ன ஒயரை உறைக்குள்ளேயே அறுத்துவிட்டேன். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. பேட்டரி நாளுக்கு நாள் இளைத்தது.

"நீங்க பாத்தும் இப்படி மக்கர் பண்ணுதே மச்சான்?"

"பழைய வண்டி மாப்ள. கீழ நின்னு செல்ஃப் மோட்டார் முனை ரெண்டையும் ஸ்க்ரூ டிரைவரால சேத்துப் பாருங்க. எடுத்துக்கும்."

எடுத்துக்கொண்டது. வண்டி கியரில் இருந்தால் சாவி திருப்பினாலும் கிளம்பாது. அதற்கு ஒரு தடுப்பு உண்டு. ஸ்க்ரூ டிரைவர் அதைத் தாண்டிவிடும். ஹேண்ட் பிரேக் பிடிக்காததால், மேட்டில் நிறுத்தினால் மாப்பிள்ளை கியரில் போட்டுவிட்டுத்தான் இறங்குவார். செல்ஃப் மோட்டாரைத் தொட வேண்டுமானால் பின்சக்கரத்துக்கு முன்னால்தான் நிற்க வேண்டும். எல்லாம் எனக்குத் தெரியும். என்றைக்காவது கியரை எடுக்க மறப்பார் என்று பொறுமையாக இருந்தேன். போன வாரம் மறந்தார். சக்கரம் அவர்மேல் ஏறிவிட்டது.

காரணம் பார்த்துச் சொல்லும்படி ஸ்டேஷனிலிருந்து வண்டியை நீங்கள் என்னிடமே அனுப்பினீர்கள். அப்போதுதான் பேட்டரியின் எர்த் ஒயரைப் பார்த்தேன். முன்பு நான் போட்ட இணைப்பு விட்டுப்போய், ஈரத்தில் பச்சை பூத்திருந்தது. அந்த இணைப்பு விட்டால், முழு சார்ஜ் இருந்தாலும் செல்ஃப் எடுக்காது. அதன்மேல் மாப்பிள்ளை கம்பியைச் சுற்றி, நீலப் போர்வைக் கிழிசலால் இறுக்கிக் கட்டியிருந்தார். அன்றைக்கு அந்த மழையில் பழுதைத் தேடிக் கண்டுபிடித்திருக்கிறார். கட்டி முடிப்பதற்குள் அவள் போய்விட்டாள். என் வேலையால் வந்த வினை என்று தெரிந்தும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஒயரை அறுத்தவன் நான். ஸ்க்ரூ டிரைவர் வழியைச் சொன்னவனும் நான். அவரைக் கொன்றது நான்தான். ஆனால் பேட்டரியில் அன்று முழு சார்ஜ் இருந்தது, ஐயா. அதையும் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள்.