எத்தனை டேபிள் என்று கேட்கச் சொன்ன தஸ்லிம் அக்காவுக்கு

சோதனைப் பிரிவின் சுடர்விளக்கே! எலக்ட்ரானிக் தராசு போர்டுகளின் தாயே! அறிவுக் கடலே!

மன்னிக்கவும். உங்கள் கையெழுத்தில்லாமல் எதுவும் வெளியே போகாத பிரிவல்லவா? அந்தப் பழக்கத்தில் உங்கள் பணி ஓய்வுக்கான மடலையே உங்களிடம் சோதனைக்குக் கொடுத்துவிட்டோம். "கடல் எதுக்கும்மா? கெயின் ஜாஸ்தி, ரொம்பப் பெருக்கிட்ட, கொறை" என்று திருப்பித் தந்தீர்கள். ஏரி என்றோம், "பாரூர் ஏரியா? அதுவும் பெருசுதான்" என்று சிரித்தீர்கள். ஆகவே, நல்ல தண்ணீர்க் கிணறே, வணக்கம்!

எட்டுக்கால் பூச்சிபோல் கிடந்த, மின்சேதியைப் பெருக்கும் ஆப்-ஆம்ப் சில்லைக் கண்டு மிரண்ட எங்களுக்கு, ஊர்ப் பேச்சிலேயே பாடம் சொன்ன பண்பாளரே! "அதுக்கு ரெண்டு காது. பிளஸ் ஒண்ணு, மைனஸ் ஒண்ணு. ரெண்டுலயும் ஒரே சேதி வந்தா கண்டுக்காது. வித்தியாசம் இருந்தா லட்சம் மடங்கா ஊதும், நம்ம சாந்தம்மா மாதிரி" என்றீர்கள். உங்கள் மாடியில் என்ன துணி காய்கிறது என்பதுவரை அறிந்த அடுத்த தெருக்காரி, இந்த மடலை வாசிக்கும் சாந்தம்மா நான். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

"ஊதிட்டே போனா, சப்ளை வோல்டேஜ் எவ்வளவோ அதுவரைக்கும் போய் மேலயோ கீழயோ முட்டி நிக்கும். வெளிய வர்றதுல ஒரு பங்கை மைனஸ் காதுக்கே திருப்பி விடு. ரெண்டு காதும் சமமாகிற மாதிரி தானே அடங்கும். எவ்வளவு பெருக்கணும்னு ரெண்டு ரெசிஸ்டர் சொல்லிடும்" என்றீர்கள். எடை வைத்ததும் கொசு முனகலாய் வரும் சன்னச் சேதி மாங்காய் மண்டித் தராசில் கிலோவாய்த் தெரிவது அதனால்தான்.

சில்லுக்கு ரெசிஸ்டர், எங்கள் வாய்க்கு நீங்கள்! எந்த வதந்தியையும் கிளம்பிய இடத்துக்கே கொண்டுபோய், "கண்ணால பாத்தியா?" என்று கேட்டு அளவுக்குக் கொண்டுவந்தீர்கள்.

இந்த வாரம் உங்களுக்குப் பூமாலை வாங்கும் அவசரத்தில் யாரும் அப்படிக் கேட்கவில்லை. காலையில் டெம்போ ஓட்டும் திம்மராயன் அண்ணன், "டெஸ்டிங் டேபிள் ஆனேக்கல் போகுது" என்றார். மதியம் கேன்டீன் பேச்சில் பிரிவே போனது. மாலை ஷிப்டுக்குள் அந்தப் பேச்சு கேட்டுக்குப் பூட்டே போட்டுவிட்டது. சூளகிரியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வரும் பெண்கள், கர்நாடகா பார்டர் தாண்டி எப்படிப் போய் வருவோம் என்று சோறு இறங்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள். எங்கள் பிரிவு சரிதா வாடகை வீட்டைக் காலி செய்யலாமா என்கிறாள்.

அதனால்தான் மடலில், "பிரிவு இங்கேயே இருக்கும் என்று உறுதி தந்து செல்லும் அன்னையே" என்று எழுதியிருந்தோம். அதை முழுதாக அடித்தீர்கள். "தெரியாததுக்கு நான் ஓகே போடமாட்டேன் சாந்தம்மா. கேக்க வேண்டியவர்கிட்ட நீயே கேளு. நாளைக்கு நான் இருக்கமாட்டேன்."

கேட்கிறோம் அக்கா. பொன்னாடையோடு மேடையில் நிற்கும் மேனேஜர் ராஜ்குமார் சார் அவர்களே, ஆனேக்கல் போவது எத்தனை டேபிள்?

பதில் எதுவானாலும் ஊதாமல் உள்ளபடியே வீட்டுக்கு எடுத்துப்போவோம். இது உங்கள் மேல் ஆணை. நோயும் கவலையும் அண்டாமல் நூறாண்டு வாழுங்கள்! எங்கள் பக்கம் ஒரு காதை மட்டும் விட்டுச் செல்லுங்கள்.

இங்ஙனம்,
கைதட்டலை நிறுத்திவைத்து, பதிலுக்குக் காத்து நிற்கும்
சோதனைப் பிரிவு ஊழியர்கள், ஒசூர்