வெறும் தரையைக் குனிஞ்சு பார்த்த கூட்டம்

பரீட்சை நெருங்குது. பெத்தவங்க முகத்தையெல்லாம் பார்க்கிறேன்... பிள்ளைங்களை விட நீங்கதான் பயந்து போயிருக்கீங்க! சரி, டீ வர்றதுக்குள்ள ஒரு குட்டிக் கதை சொல்லிடறேன், கேளுங்க.

என் சிநேகிதர் ஞானதுரை. பறவைன்னா அவருக்கு உயிரு. ஞாயித்துக்கிழமை ஆனா பைனாகுலரை மாட்டிக்கிட்டு, ஒரு கூட்டத்தையும் சேர்த்துக்கிட்டு ஏரிக்குப் போயிருவாரு. கோடையில தண்ணி வத்துனதும் ஏரி ஓரமெல்லாம் புல்வெளி ஆயிரும் இல்லையா... அங்க ஒரு ஆள்காட்டிக் குருவி முட்டை போட்டிருந்துச்சு. எங்க? மரத்துலயா? இல்லைங்க. வெறும் தரையில! கூழாங்கல்லோட கூழாங்கல்லா நாலு முட்டை.

ஞானதுரைக்கு சந்தோஷம் தாங்கல. "யாரும் கிட்ட போகாதீங்க! தள்ளி நின்னே பாருங்க!" நல்ல மனுஷன். கூட்டமும் தள்ளித்தான் நின்னுச்சு. அடுத்த வாரம் போனா... முட்டை இல்ல. ஓடுதான் கிடக்கு. காக்கா தின்னுடுச்சு!

மனுஷன் அழுதே விட்டாரு. "நான் தொடக்கூட இல்லையே பியூலா!" பியூலா அவரு சம்சாரம். அந்தம்மா சொன்னாங்க: "நீங்க தொடலைங்க... ஆனா இத்தனை பேரும் ஒரே இடத்தையே பார்த்தா, காக்காவுக்கு என்ன கண்ணு தெரியாதா? காட்டிக் குடுத்ததே நாமதான்!"

குருவி விட்டுச்சா? விடல! கொஞ்சம் தள்ளி மறுபடியும் முட்டை போட்டுச்சு. ஞாயித்துக்கிழமை இவங்க போறாங்க... கருவேல மரத்துல காக்காக்கூட்டம் ரெடியா உக்காந்திருக்கு. இவங்க எந்தப் பக்கம் திரும்புவாங்கன்னு!

அப்ப அந்தக் குருவி என்ன பண்ணுச்சு தெரியுமா? முட்டையை விட்டுட்டு ஓடிவந்து, வெறும் தரையில உக்காந்துக்கிட்டு, அடைகாக்குற மாதிரி நடிச்சுது! பியூலா பார்த்தாங்க, குருவியோட தந்திரம் புரிஞ்சு போச்சு. விறுவிறுன்னு முட்டைக்கு எதிர்ப்பக்கம் நடந்தாங்க. குனிஞ்சாங்க. "அடேயப்பா! என்ன அழகு! எல்லாரும் ஓடி வாங்க!"

ஞானதுரை முழிக்கிறாரு. "ஏம்மா... இங்க ஒண்ணுமே இல்லையே?"

"உஷ்... சும்மா குனிங்க!"

ஒரு பேங்க் மேனேஜர், ஒரு பல் டாக்டர், அத்தனை பேரும் வெறும் மண்ணை வாயைப் பொளந்துக்கிட்டுப் பார்க்கிறாங்க. இவங்க நகர்ந்ததும் காக்கா இறங்குச்சு... கொத்துச்சு... கிளறுச்சு... ஒரு மண்ணும் இல்ல! மறுவாரமும் அதே நாடகம். அதுக்கும் மறுவாரமும்!

அப்புறம் ஒரு நாள் காலையில, புல்லுக்குள்ள இருந்து நாலு குஞ்சு ஓடுது பாருங்க... பஞ்சு உருண்டைக்குக் கால் முளைச்ச மாதிரி! பேங்க் மேனேஜர் விசில் அடிக்கிறாரு. ஞானதுரை குதிக்கிறாரு. "ஜெயிச்சிட்டோம் பியூலா! ஜெயிச்சிட்டோம்!"

இப்ப என் கேள்வி உங்களுக்குத்தான். நீங்க உங்க பிள்ளையை அடிக்கல, திட்டல. சரி. ஆனா வீடே அந்தப் பிள்ளை முகத்தையே பார்த்துக்கிட்டு இருந்தா, வர்ற சொந்தக்காரங்க எங்க கொத்துவாங்க? "மாடல் டெஸ்ட்ல எவ்வளவு? பக்கத்து வீட்டுப் பொண்ணு எவ்வளவு?" பிள்ளை உடைஞ்சு போகாதா?

அதனால சித்தப்பா வந்தா எந்திரிங்க. ஹாலுக்குக் கூட்டிட்டுப் போங்க. உங்க மூட்டு வலியைச் சொல்லுங்க. வலி இல்லைன்னாலும் சொல்லுங்க! கொத்துறவங்க உங்களைக் கொத்தட்டும். உள்ள அந்தப் பிள்ளை அது பாட்டுக்குப் படிக்கட்டும். மொய்ச்சுக்கிட்டு நிக்கிறது காவல் இல்லைங்க... இதுதான் காவல்!

ரிசல்ட் அன்னைக்கு வாசல்ல நின்னு நீங்க போடுற சந்தோஷச் சத்தத்துல... தெருவே கூடட்டும்!