சின்னக் கமராவே காணும்

இல்லை அண்ணை, விலையைப் பிறகு பாப்பம். முதல்ல சொல்லுங்கோ, இதை வச்சு என்னத்தை எடுக்கப் போறியள்? ஆ, படகு ஓடுறியளோ. நிலாவெளியில இருந்து புறாமலைக்கு வெள்ளைக்காரரை ஏத்துற படகு. அதில வாறவையைப் படம் எடுத்து விக்கப் போறியள். நல்ல யோசினை. போன்ல எடுத்தால் ஒருத்தரும் வாங்காயினம், போன் அவையளிட்டயும் இருக்குத்தானே.

அப்பிடியெண்டால் உங்களுக்குச் சின்னது காணும், பெரிய கமரா தேவையில்லை. கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவன். இந்தா, இது. உள்ளங்கைக்குள்ள அடங்கும், ஆனா சூம் நல்லாப் போகும். திமிங்கிலம் தூரத்தில வாலைத் தூக்கினாலும் பிடிக்கலாம். பெரிசோட சும்மா வாற லென்ஸ்ல திமிங்கிலத்தை எடுத்தியள் எண்டால், கடல்ல இலையான் குந்தின மாதிரித்தான் விழும். வேற லென்ஸ் வாங்கப் போனால் படகை வித்துத்தான் வாங்கவேணும்.

குறை நினைக்காதேங்கோ, கதைச்சுக்கொண்டே இந்தப் பாஸ்போட் படங்களை வெட்டுறன். வெளிநாடு போற சனம், இண்டைக்கே வேணுமாம். இந்தக் கத்தியோ? என்ட மனுசன் வச்சிருந்தது. அடிமட்டத்தை வச்சு ஒரே இழுப்பு. காலமைதான் தீட்டினனான்.

அது எல்லாம் நாங்கள் எடுத்த படங்கள் அண்ணை, ஆக்கள் பாக்கட்டும் எண்டு மேசைக் கண்ணாடிக்குக் கீழ வச்சிருக்கிறம். கலியாணம், சாமத்தியவீடு, பிறந்தநாள். எது, அந்தக் கறுப்போ? அது ஒரு கிட்டப்படம். சின்னக் கமராவில எடுத்தது. கிட்டப்படத்துக்கும் சின்னதுதான் நல்லம். என்னெண்டு பிறகு சொல்லுறன்.

எண்டாலும் பெரிசையும் ஒருக்காப் பிடிச்சுப் பாருங்கோ. பிடிச்சுப் பாக்காமப் போனால் வீட்டை போயிருந்து யோசிப்பியள். இந்தாங்கோ. அப்பிடியில்லை அண்ணை, வலக்கையால. படம் எடுக்க அமத்துற குமிழ் வலப்பக்கந்தானே இருக்கு. சரி சரி, இடக்கையிலயே வச்சிருங்கோ. நீங்கள் இடக்கைக்காரரோ? ஓமோ. கதிரையை இழுக்கேக்கயும் இடக்கையாலதான் இழுத்தனீங்கள், கண்டனான்.

சூய்! போ அங்கால! மான் அண்ணை. வாசல்ல இருக்கிற மட்டைப்பெட்டியைத் தின்னுது, நாசமாப் போனது. திருகோணமலையில கடை வச்சிருக்கிறவைக்குக் கள்ளனைவிட மான்தான் கரைச்சல். இருங்கோ, கலைச்சுப்போட்டுக் கதவைச் சாத்திவிடுறன். கொளுக்கியும் போட்டால்தான் சரி, தலையால இடிச்சுத் திறக்கும். ம், இனி நிம்மதி.

கனமா இருக்கோ? உது ஒரு கனமே. என்ட மனுசன் வச்சிருந்தது உதைவிட ரெண்டு மடங்கு கனம், நீட்டு லென்ஸ் ஒண்டும் போட்டிருந்தவர். அதாலதான் அவற்ற மண்டையை உடைச்சவங்கள்.

ஏன் அண்ணை, முகம் ஒரு மாதிரிப் போகுது? இருங்கோ, இருங்கோ. பெரிய கமரா கேட்டு வாற எல்லாரிட்டயும் இதைச் சொல்லுறனான். வாங்க முதல் தெரிஞ்சிருக்க வேணும்தானே.

இது என்ட அண்ணன்ட கடை. என்ட மனுசன் செத்த பிறகுதான் நான் இஞ்ச வந்து நிக்கிறன். முதல் நாங்கள் சம்பூர்ப் பக்கம் இருந்தனாங்கள். அவருக்கு நிசாந் எண்டு பேர். கலியாண வீடுகளுக்குப் படம் எடுக்கிறவர், வேற ஒரு வம்புதும்புக்கும் போகாத மனுசன். அச்சகத்துக்காரர் ஒருத்தர் கலண்டருக்கு விடியக்காலக் கடல் படம் ஒண்டு கேட்டிருக்கிறார். அதுக்காக நிலாவெளிக்கு அங்கால, ஆளில்லாத கரைக்குப் போனவர். நான் சொன்னனான், சின்னதைக் கொண்டு போங்கோ, ஆரும் கண்டாலும் சுற்றுலாவுக்கு வந்த ஆள் எண்டு நினைப்பினம், பெரிசைத் தூக்கினால் செய்தி எடுக்க வந்த பேப்பர்க்காரன் எண்டு நினைப்பினம் எண்டு. கலண்டருக்குச் சின்னது காணாது எண்டிட்டுப் போட்டார்.

அந்த நேரம் பாத்து வெடி போட்டு மீன் பிடிக்கிறவங்கள்ட படகு ஒண்டு கரைக்கு வந்திருக்கு. இவர் சூரியனுக்குக் கமராவைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறார். அவங்களுக்குத் தங்களைப் படம் எடுக்கிறார் எண்டு தெரிஞ்சிருக்கு. அவ்வளவுதான் அண்ணை. கேக்கவுமில்லை, ஒண்டுமில்லை. இறங்கி வந்து அடிச்சிருக்கிறாங்கள்.

வெடியில செத்த மீன் பாத்திருப்பியள், கடல்ல நிக்கிற ஆள்தானே. வெளிய ஒண்டும் தெரியாது. உள்ளுக்கு முள்ளெல்லாம் நொருங்கி, கண்ணுக்குள்ள ரத்தம் கட்டியிருக்கும். என்ட மனுசன்ட கண்ணும் அப்பிடித்தான் இருந்தது. கரைவலை இழுக்க வந்த சனந்தான் கண்டு தூக்கினது. நெத்திக்குள்ள இருந்து லென்ஸ் கண்ணாடித் துண்டு எடுத்தவை. ஒரு அடியில அப்பிடி ஏறாது. அவர் விழுந்த பிறகும் அடிச்சிருக்கிறான். ஒருத்தன்தான். ஒரு கையால கழுத்தைப் பிடிச்சு, மற்றக் கையால கமராவைப் பிடிச்சு, திரும்பத் திரும்ப.

இல்லை, ஒருத்தரும் பாக்கேல்லை, கரைவலைச் சனத்துக்கு வெடிச்சத்தம் மட்டும் கேட்டிருக்கு. கமராவைக் கடலுக்குள்ள எறிஞ்சுபோட்டாங்கள், எடுத்த படமும் அதோட போட்டுது. கல்லில விழுந்து செத்தது எண்டு சொல்லிப் பொலிசும் கதையை முடிச்சுப்போட்டுது. என்ன கல்லு? அந்தக் கரையில கல்லே இல்லை அண்ணை, முழுக்க மணல்.

செத்தவீட்டுக்கு அந்த அச்சகத்துக்காரன் வந்தவன். கடல் படம் ஏதும் முதலே அனுப்பினவரோ தங்கச்சி எண்டு கேட்டான். செருப்பைக் கழட்டினனான். சனம் பிடிச்சிராட்டி அண்டைக்கு அவன்ட பல்லு நிலத்தில.

அழுகையெல்லாம் அந்த மாசத்தோட முடிஞ்சுது. இப்ப எனக்கு ஆத்திரம் மட்டும்தான் இருக்கு, உள்ளதைச் சொல்லுறன். படுத்தாலும் ஆத்திரம், எழும்பினாலும் ஆத்திரம். மீன் வெட்டேக்க தலையை ஒருக்காக் கொத்தினாக் காணும். நான் கொத்திக்கொண்டே நிப்பன், பலகை பிளக்குமட்டும். அண்ணி இப்ப என்னைக் குசினிக்குள்ள விடுறேல்லை.

எங்க எழும்புறியள்? என்ட கதையால உங்கட அலுவல் கெட்டுப் போகக் கூடாது, இருங்கோ. ஒரு படம் எடுத்துப் பாத்திட்டுப் போங்கோ. என்னையே எடுங்கோ. இல்லை அண்ணை, இடக்கை எட்டாது. இடக்கைக்காரருக்கு எண்டு ஆரும் கமரா செய்யிறேல்லை. அதுசரி, இடக்கைக்காரர் எண்டால் மணிக்கூட்டை ஏன் இடக்கையில கட்டியிருக்கிறியள்? கோவியாதேங்கோ, சும்மா கேட்டனான். வலக்கையைப் பொக்கெட்டுக்குள்ள இருந்து எடுங்கோ. வந்ததில இருந்து அது அங்கதான் கிடக்கு. என்னட்ட என்ன வெக்கம்.

ஆ.

எஞ்சின்லயோ? எஞ்சின் விசிறி வெட்டினதோ. ஐயோ பாவம். ஓம், எஞ்சின் பொல்லாத சாமான்தான். ஆனா எஞ்சின் வெட்டினால் நேர வெட்டுமெல்லோ. இது பிஞ்சு போன மாதிரி இருக்கு, ஓரமெல்லாம் கருகி. சரி விடுங்கோ, எனக்கென்ன தெரியும், நான் என்ன டொக்டரே.

ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இல்லை. அந்த ஆள்காட்டி விரலாலதான் எல்லாரும் குமிழை அமத்துறது. நீங்கள் மோதிர விரலால அமத்திப் பாருங்கோ. பாத்தியளோ, அமருது. ஆனா கமரா ஆடுது. ஆடினால் படம் கலங்கிப் போகும், வெள்ளைக்காரன் அஞ்சு சதம் தரான். இதுக்குத்தான் சொன்னனான், உங்களுக்குப் பெரிசு சரிவராது.

பெரிசை இஞ்ச தாங்கோ. இந்தாங்கோ சின்னது. ஒரு விசயம் சொல்லித்தாறன், கடையில வேற ஆரும் சொல்லமாட்டினம். சின்னதைத் தலைகீழாத் திருப்பிப் பிடியுங்கோ. இப்ப குமிழ் இடப்பக்கம் வந்திட்டுது, இடக்கைப் பெருவிரலால கீழ இருந்து அமத்தலாம். படம் தலைகீழா விழும், பிறகு திருப்பலாம். பெரிசில இது செய்து பாருங்கோ, கை முறிஞ்சு போகும். வலக்கை சும்மாதானே இருக்கு, அதைக் கண்ணாடியில ஊண்டுங்கோ, உடம்பு ஆடாது. அங்க இல்லை, கொஞ்சம் இஞ்சால. கையை வடிவா விரியுங்கோ. இன்னும் கொஞ்சம் சரிச்சு. அப்பிடித்தான்.

இனி அசையாதேங்கோ.

அசையாதேங்கோ எண்டு சொன்னனான். கத்தி உங்கட மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவில நிக்குது. காலமை தீட்டினது. கதவில கொளுக்கி போட்டிருக்கு, மான் வரும் எண்டு போட்டதில்லை. இந்தக் கையில மூண்டு விரல்தான் மிச்சம் அண்ணை, இழுத்தியள் எண்டால் அதுவும் இராது.

இப்ப கீழ பாருங்கோ. அந்தக் கறுப்புப் படம் என்னெண்டு கேட்டனீங்கள்தானே. அது என்ட மனுசன்ட கழுத்து. ஆஸ்பத்திரியில, குளிப்பாட்ட முதல் நான் எடுத்தனான். உள்ளபடி அளவு குறைக்காமல் அடிச்சு இதுக்குள்ள வச்சனான். சாமான் வாங்க வாற எல்லாரும் கையை இதிலதான் ஊண்டுவினம். வாற ஒவ்வொரு கையையும் பாத்துக்கொண்டுதான் நான் இந்தக் கடையில நிக்கிறன். இடப்பக்கம் பெருவிரல் தடம், தெரியுதே? உங்கட பெருவிரலுக்கு நேர கீழ. வலப்பக்கம் நாலு தடம் இருக்கவேணும். ரெண்டுதான் இருக்கு. மேல ரெண்டு விரல் வரவேண்டிய இடத்தில தோல் அப்பிடியே கிடக்கு, ஒரு கீறல் இல்லை.

எவ்வளவு பொருத்தம் பாருங்கோ.

நகம் குத்தின இடங்கூட விழுந்திருக்கு. பெரிசு கடலுக்குள்ள போட்டுது, இது சின்னதில எடுத்தது. நான் முதலே சொன்னனான் அண்ணை, சின்னது காணும் எண்டு.