ஏழு நாள் நோட்டீஸ்

படிச்சுக் காட்ட வேண்டாம் சாரே, மலையாளம் எனக்கும் வாசிக்கத் தெரியும். ஏழு நாளைக்குள்ள இந்தத் தேப்புக்கடையை எடுக்கணும், ரோட்டை அகலமாக்கப் போறாங்க, அதானே? ஆக்கட்டும். மட்டாஞ்சேரில வளர்ச்சிக்குக் குறுக்க நிக்கறது இந்தப் பெட்டிக்கடை ஒண்ணுதான்.

நிக்காதீங்க, அந்த ஸ்டூல்ல இருங்க. இஸ்திரிப் பெட்டியில கரி நல்லாக் கனிஞ்சிருக்கு, நான் துணி தேச்சுக்கிட்டே பேசறேன்.

இருபத்தாறு வருசமா இங்கதான் தேய்க்கறேன். அத்தனை வருசமும் சர்க்காருக்கு இந்த மாடத்தி யாருன்னே தெரியாது. விதவைப் பென்சனுக்குப் போனா, பேரு தப்பா இருக்குன்னு திருப்பி அனுப்பினான். புருசன் செத்ததுக்குச் சர்டிபிகேட் கேட்டா, செத்தவரையே கூட்டிட்டு வான்னு சொல்லாத குறையா அலைய விட்டான். இப்ப இடிக்கணும்னதும் பாருங்க, பேரு, வீட்டுப் பேரு, கதவு நம்பர், ஒரு எழுத்துப் பிசகலை!

எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போட்டேனா? நல்லாக் கேட்டீங்க. இதோ தேய்க்கக் கிடக்கற இந்த வெள்ளை முண்டு வேட்டி ஆளுங்கட்சி. அந்த வெள்ளை முண்டு எதிர்க்கட்சி. ரெண்டுக்கும் கஞ்சி ஒரே பானைலேருந்துதான். மேடையில ஒருத்தனை ஒருத்தன் கிழிப்பான். இங்க வந்தா ரெண்டு பேருக்கும் ஒரே கவலை, சேச்சி, மடிப்புக் கலையக் கூடாதுன்னு. பொருளாதாரம் ஏறுதுன்னு டிவியில கத்தறான். எங்க ஏறுது? தேங்காச் சிரட்டைக் கரி ஏறுச்சு, கேஸ் ஏறுச்சு. தேப்புக்கூலியில ஒரு ரூபா ஏத்திப் பாருங்க, அந்தக் கத்தறவனே வாசல்ல நின்னு சண்டைக்கு வருவான்.

வேற இடம் தருவாங்களா? யூசுப் இக்காவோட சாயாக்கடையை எடுத்தப்பவும் இதேதான் சொன்னாங்க. ரெண்டு வருசமாச்சு. மனுசன் இப்ப இங்க டவுன்ல, பிராட்வேல எவனோ ஒருத்தன் கடையில கிளாஸ் கழுவறாரு. நீங்க சொல்றதை நம்பறதுக்கு வேற ஆளைப் பாருங்க.

என்ன, ஆபீஸரை நேர்ல போய்ப் பாக்கணுமா? அழுதாக் கொஞ்சம் இரங்குவாங்களா?

சாரு இந்த ஆபீஸுக்குப் புதுசு போல. பழைய ஆளு ஒருத்தனும் இந்தக் காகிதத்தை எடுத்துட்டு இந்தப் பக்கம் வந்திருக்க மாட்டான். கீழ கையெழுத்தைப் பாருங்க. கங்கா எம். அந்த எம்மு நான்தான். ஆமா, என் மக. பரீட்சை எழுதி சர்க்கார் வேலைக்குப் போனவ. லிஸ்டுல அம்மா கடையை மட்டும் விட்டா நாளைக்கு ஊரே காறித் துப்பும்னா. காலைல புட்டு தின்னுட்டுக் கையைக் கழுவினா. என் மூஞ்சியைப் பாக்கலை. அம்மா, இன்னிக்கு ஒருத்தர் வருவாரு, அவர்கிட்டச் சண்டை பிடிக்காதேன்னுட்டு பஸ்ஸுக்கு ஓடிட்டா.

சண்டை பிடிச்சேனா சாரே? பேசத்தானே செஞ்சேன்.

குடுங்க, நோட்டீஸ் வாங்கினதுக்கு எங்க ஒப்புப் போடணும்?