பச்சைக் கோட்டுக்காரி

வண்டிய அணைச்சாத்தான் என்ன சார், டீசல் உங்களுக்கு மட்டும் ஓசியிலயா கெடைக்குது? இல்ல இல்ல, அணைக்க வேணாம். அணைச்சா எறங்கி நாலு வார்த்த திட்டுவீங்களோன்னு பயம். ஓடிக்கிட்டே இருந்தா இப்படியே திரும்பிப் போயிடுவீங்களோன்னு பயம். எனக்கு எது நடந்தாலும் பயம்தான், அத விடுங்க.

கேட்டத் தெறக்க வந்தப்பவே உங்க மூஞ்சி போன போக்கப் பாத்துட்டேன். கை அப்படியே கியர்ல நின்னுபோச்சு. இவளா, அப்படின்னு. ஆமா சார், இவதான். போன வியாழக்கெழம டவுன்ல, தீவனக் கடையில, பம்பு சாமான் அடுக்கின வரிசையில உங்கமேல போலீஸக் கூப்பிட்டவ நான்தான். தண்ணிக்குப் போர் போட வாங்கன்னு ஜூலை மாசத்துலேருந்து உங்க வீட்டுக்குப் போன் பண்ணிப் பண்ணி உங்க சம்சாரத்த நோகடிச்ச அர்லிஸும் நான்தான். ரெண்டும் ஒரே பொம்பளன்னு உங்களுக்கு எப்படித் தெரியும். போன்ல என் குரல் கொஞ்சம் நல்லாவே இருக்கும்.

எனக்கு மட்டும் தெரியுமா? எம்மெட் ஹாகன், போர் வண்டிக்காரர், இந்தச் சுத்துவட்டாரத்துல ஒரே ஆளு, முறை வர்றவரைக்கும் காத்திருக்கணும். இவ்வளவுதான் தெரியும். நான் என்னமோ பெரிய உடம்பு, தாடி, இப்படி மனசுல வரைஞ்சு வெச்சிருந்தேன். நீங்க இத்தனூண்டு இருப்பீங்கன்னு யாரு கண்டா... கோச்சுக்காதீங்க. எறங்காட்டியும் பரவால்ல, கண்ணாடிய மட்டும் ஏத்தாதீங்க.

கெணறு ஜூலையிலயே கையத் தூக்கிருச்சு சார். அப்பலேருந்து டவுன்லேருந்து ட்ரம்முலதான் தண்ணி. கோழிக்கு வெச்சது போக மிச்சம் காப்பிக்கு, காப்பிக்குப் போக மிச்சம் மூஞ்சிக்கு. தலைக்கு ஊத்தறது சர்ச்சு சமையக்கட்டுத் தொட்டியில. போன ஞாயித்துக்கெழம பாஸ்டர் கெட்டில எடுக்க உள்ள வந்து, சோப்பு நொரையோட என்னப் பாத்துட்டு, அப்படியே பின்பக்கமாவே நடந்து வெளிய போயிட்டாரு. இந்தப் பாதையில பனி இறுகிட்டா உங்க வண்டி மேல ஏறாதாமே, உங்க சம்சாரம் சொன்னாங்க. அப்புறம் அடுத்த வசந்தம்தானாம். என் வீட்டுக்காரரு ராய் இருக்காரே, டகோட்டாவுல எண்ணெய்க் கெணத்துல வேல. பொண்டாட்டி கெணத்துல தண்ணி இல்ல, அவரு அங்க எண்ணெய் எறைக்கிறாரு. அவரு என்ன சொல்றாருன்னா, போர் போடலன்னா வீட்டப் பூட்டிட்டு, கோழிய வித்துட்டு, குளிர் முடியறவரைக்கும் ட்வைலா வீட்டுக்குப் போயிடு அப்படிங்கறாரு.

ட்வைலா யாருங்கறீங்க? அவரோட அக்கா. என் நாத்தனார். நீங்களே சொல்லுங்க சார், குளிர்காலம் முச்சூடும் நாத்தனார் வீட்டு சோஃபாவுல... அதுவும் அவ ஷெரிஃப் ஆபீஸ்ல போலீஸுக்கு வர்ற அவசரப் போன எடுக்கறவ. இந்த ஜில்லாவுல யாரு பயந்து கூப்பிட்டாலும் அவ காதுலதான் விழணும். நான் கூப்பிட்டாலும்.

நான் நெறயக் கூப்பிடுவேன், அதச் சொல்லிடறேன். மருந்துக் கடையில ஒருத்தன் இடுப்புல துப்பாக்கி வெச்சிருந்தான், கூப்பிட்டேன். இருமல் மருந்து வாங்க வந்தவன். போஸ்டாபீஸ் வாசல்ல ஒருத்தன், கூப்பிட்டேன். ஸ்டாம்பு ஒட்டிக்கிட்டு நின்னான். ஒருதடவ பக்கத்து வீட்டுக் கூரமேல ஒருத்தன் நீளமா எதையோ நீட்டிக்கிட்டு ஒக்காந்திருந்தான், அது ஓட்ட அடைக்கற பசைக் குழாய். ட்வைலா ஒவ்வொருதடவையும் ஒரே கேள்விதான் கேப்பா. வெச்சிருக்கான் சரி, என்ன பண்றான்? இங்க வெச்சிருக்கறது குத்தமில்ல, உனக்குத் தெரியாதா? தெரியும் சார். இங்கயே பொறந்து வளந்தவதானே. எங்கப்பா ரைஃபிள வண்டிப் பின்கண்ணாடியில மாட்டிக்கிட்டுத்தான் சர்ச்சுக்கே வருவாரு. அப்பல்லாம் பயமா இருந்ததில்ல. வர்றவன் போறவன் எல்லாம் தெரிஞ்ச மூஞ்சி, யாரு இடுப்பப் பாத்தா? இப்ப டவுன்ல பாதிப் பேரு புதுசு. மூஞ்சி தெரியாததால கண்ணு நேரா இடுப்புக்குப் போவுது. ராய் வேற ஊர்ல இல்ல, சாயங்காலமானா டிவி. எங்கயோ ஒருத்தன் கடைக்குள்ள பூந்து சுட்டுட்டான்னு காட்டறான். அது ரொம்ப தூரம்தான், ஆனா டிவி என் சமையக்கட்டுலதானே இருக்குது.

சரி, வியாழக்கெழமைக்கு வர்றேன். ட்ரம்முக்கு மூடி வாங்கலாம்னு வந்தேன். வரிசைக் கோடியில நீங்க. இடுப்புல அது. கையில ஏதோ பித்தளச் சாமான், அதக் கண்ணுக்குக் கிட்ட கொண்டாந்து, தள்ளிப் புடிச்சு, மறுபடி கிட்ட கொண்டாந்து, மொறைக்கிறீங்க. மூக்குக்கண்ணாடி கொண்டாரலன்னு அப்ப எனக்கு எப்படித் தெரியும்? அப்புறம் சாமானுக்கு மேலாப்புல என்னைய மொறச்சீங்க. நான் தீவன மூட்டைக்குப் பின்னாடி போயிட்டேன். நீங்களும் ஒரு எட்டுப் பின்னாடி வெச்சு, போன எடுத்து நம்பர அமுக்கறீங்க. நானும் என் போன எடுத்தேன். கூப்பிட்டேன்.

ட்வைலா எடுத்தா. அர்லிஸ், இன்னிக்கு எங்கன்னா. சொன்னேன். கட்ட ஆளு, பழுப்புச் சட்ட, போன்ல கூட்டாளியக் கூப்பிடறான்டி, கத்திச் சொன்னேன். பயம் வந்தா எனக்குக் கொரல் எகிறிரும். அவ, இரு, இன்னொரு போன் வருதுன்னு என்ன லைன்லயே நிறுத்திட்டுப் போயிட்டா. நான் இங்க சாகக் கெடக்கறேன், அவ இருங்கறா. அங்க நீங்க வாயப் பொத்திக்கிட்டுக் குசுகுசுன்னு பேசறீங்க. திரும்ப வந்தப்ப அவ கொரலே மாறிப்போச்சு. அர்லிஸ், அதே கடையிலேருந்து வேற ஒருத்தர் கூப்பிடறாரு, மூட்டைக்குப் பின்னாடி ஒரு பொம்பள, பச்சைக் கோட்டு, கோட்டுக்கு மேல பெல்ட்டு, பெல்ட்டுல துப்பாக்கி, பைத்தியம் மாதிரி கத்திக்கிட்டு இருக்காளாம், அப்படிங்கறா.

நான் என்ன சொன்னேன் தெரியுமா சார்? "அய்யோ, அவளும் வந்துட்டாளா, எந்தப் பக்கம் நிக்கிறா?"ன்னேன். எட்டிக்கூடப் பாத்தேன். அந்த வரிசை, இந்த வரிசை, பச்சைக் கோட்டத் தேடறேன்.

ட்வைலா சொன்னா, "அர்லிஸ், குனிஞ்சு உன்னயே ஒருதரம் பாரு."

பாத்தேன்.

கொயோட்டி நரி கோழியத் தூக்கிட்டுப் போவுதுன்னு ராய் வாங்கிக் குடுத்தது. காலையில கூண்டத் தெறக்கறப்ப கட்டுவேன். கட்டினேன், அப்படியே வண்டி ஏறி டவுனுக்கு வந்துட்டேன். பல்செட்டு மாதிரி சார், போட்டுக்கிட்டா இருக்கறதே தெரியறதில்ல. அடுத்தவன் இடுப்புல இருந்தாத்தான் அது துப்பாக்கி. என் இடுப்புல இருந்தா அது கோழிச் சமாச்சாரம்.

அதுக்கப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். ஷெரிஃப் ஆபீஸ்லேருந்து டெபுட்டி ரெனாட்டா வந்து நம்ம ரெண்டு பேரையும் கல்லாப் பலகமேல கைய விரிச்சு வெக்கச் சொன்னா. பக்கத்துல பக்கத்துல நின்னோம், ஊரே பாத்துச்சு. இவரு என்ன பண்ணாருன்னு கேட்டா. மொறச்சாருன்னேன். நீங்க என்ன பண்ணீங்கன்னு என்னக் கேட்டா. அந்தக் கடையிலயே ஏதோ ஒண்ணு பண்ணினது நான் ஒருத்திதான். அப்புறம் உங்க லைசென்ஸ வாங்கிப் படிச்சா பாருங்க, ஹாகன், எம்மெட்னு. ஜூலையிலேருந்து நான் காத்துக்கிட்டு இருந்த அதே ஆளு. அந்தப் பித்தளச் சாமான அலமாரியிலயே வெச்சுட்டு ஒண்ணும் வாங்காமப் போனீங்க. என் போருக்கு வாங்க வந்ததோ என்னமோ.

மன்னிப்புக் கேக்கலாம்னு அன்னிக்கே போன எடுத்தேன். எடுத்துட்டு யோசிச்சேன். கேட்டா நான் யாருன்னு தெரிஞ்சுரும், முறை போயிரும். கீழ வெச்சுட்டேன். இப்படிப்பட்டவதான் நான். இப்ப கேக்கறேன் சார். அன்னிக்கு ரெனாட்டா பதட்டத்துல இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்? ஒரு மனுஷன், கையில சாமானோட சட்டுன்னு திரும்பியிருந்தா? நான் ராத்திரியெல்லாம் அதத்தான் நெனைக்கிறேன். என் பயத்துக்காக அவள விட்டு உங்களச் சுட வெச்சிருப்பேன். அதுக்கு நீங்க வண்டியத் திருப்பிக்கிட்டுப் போனாலும் நான் ஒண்ணும் சொல்ல முடியாது. சொல்லுவேன், ஆனா சொல்ல முடியாது.

ஒண்ணுதான் சார் மனசு ஆறல. நான் கூப்பிட்டது ஊருக்கே தெரியும். என்னப் பைத்தியம்னு சொல்லிக் கூப்பிட்டது யாருன்னு மட்டும் ட்வைலா வாயத் தெறக்க மாட்டேங்கறா. ஆபீஸ் ரகசியமாம். கடையில அந்நேரத்துக்கு யாரு இருந்தா? கல்லாவுல இருந்த கெழவருக்குக் காது கேக்காது. நான் இருந்தேன். நீங்க இருந்தீங்க. நீங்க கூட்டாளிகிட்டப் பேசிக்கிட்டு...

சார்.

என்னப் பாருங்க. அங்க என்ன ஸ்டியரிங்க உத்துப் பாக்கறீங்க? காது ஏன் செவக்குது?

அடப்பாவி மனுஷா. வாயப் பொத்திக்கிட்டுப் பேசினது ட்வைலாகிட்டயா? இடுப்புல ஒண்ண வெச்சுக்கிட்டு, என்னப் பாத்து நீங்க பயந்தீங்களா? நானு, அஞ்சடி, ட்ரம்மு மூடி வாங்க வந்தவ... சிரிக்காதீங்க. சரி சிரிங்க. எனக்கும் வருது, ஆனா நான் இப்ப சிரிச்சா அழுதுருவேன்.

என்ன, கியரப் போடறீங்க? சார், போயிடாதீங்க, இருங்க, நான் சொல்றது... ஓ, பின்னால எடுக்கறீங்களா? கெணத்துப் பக்கமா? வாங்க, வாங்க, இன்னும் எடம் இருக்கு, வாங்க... என்ன கையக் காட்டறீங்க? அந்தத் துணிக்கொடியா? கம்பம் இடிக்குமா? இருங்க, அவுத்துடறேன். கம்பத்தையே புடுங்கிடறேன் சார், அது கெடக்கு, தண்ணி வந்தா வேற நட்டுக்கலாம்.