செவலையின் கழுத்து வீக்கம்

அலோ... யாருங்க?... ஆங், சொல்லுங்க மேடம், மத்தூர் கமலக்கண்ணன்தான் பேசறேன்... இல்லல்ல, ஷிப்டு முடிஞ்சி வந்துட்டேன். மாட்டுக்கிட்டதான் நிக்கிறேன்.

...ஆமா, ஆமாங்க. நோய் இருக்குதான்னு பாக்க செவலைக்கு கழுத்துல ஊசி போட்டீங்க, ரத்தமும் எடுத்துக்கினு போனீங்க. ரிசல்ட்டு வந்துடுச்சா?

...டி.பி.யா? செவலைக்கா?

...இருங்க மேடம், குறுக்க பேசறேன்னு நெனைக்காதீங்க. மூணாம் நாள் நீங்களே வந்து கழுத்தத் தடவி அளந்து பாத்தீங்க. வீக்கமே இல்ல, நோய் இல்லன்னு சொன்னது நீங்கதான? இப்ப ரத்தத்துல இருக்குதுன்னா நாங்க எத நம்பறது? அது கண்ணால பாத்தது. இது எங்கயோ லேப்புல மாத்தி கீத்தி...

...சரி... சரிங்க. மாறல. அப்ப கழுத்து ஏன் வீங்கல?

...மருந்தா? ஒண்ணும் குடுக்கலயே... இருங்க, வீட்ல கேக்கறேன். அருணா... ஏ அருணா, டாக்டரம்மா போனதுக்கப்பறம் மாட்டுக்கு ஏதாச்சும் குடுத்தியா?... என்னது?... எங்கிட்ட ஏன் சொல்லல?

மேடம்... வீங்கியிருக்குது. மறுநாளே எலுமிச்சங்கா அளவுக்கு வீங்கி, மாடு தீனி எடுக்கலயாம். நான் கம்பெனிக்குப் போயிட்டேன். இவ மணிவேலக் கூப்பிட்டு வீக்கம் வத்தறதுக்கு ஊசி போட்டிருக்கறா... ஆமா, சந்தைக்கிட்ட மாட்டுக்கும் ஆளுக்கும் ஊசி போடுவானே, அவன்தான். வெளியாளு கை வெச்சா நீங்க கோவிச்சுக்குவீங்கன்னு மறைச்சிட்டாளாம்.

...ம்... ம்... அப்ப அந்த வீக்கந்தான் அடையாளம். அத நாங்களே வத்த வெச்சிட்டோம். ரத்தம் அதுக்கு முன்னாடியே எடுத்தது... புரியுது மேடம்.

...பாலா? சொசைட்டிக்கு ஊத்தறோம்... நிறுத்திடறேன்... ஆமா, வீட்டுக்கும் இதேதான். காப்பிக்கு காய்ச்சிடுவோம். பாப்பாவுக்கு மட்டும்...

...கறந்த சூட்டோட. காய்ச்சினா சத்து போயிடும்னு நான்தான் சொன்னேன்... ஒரு வருசமா. நாலு வயசு மேடம், ஸ்வாதிக்கு. செவலைப் பால் இல்லன்னா சோறே எறங்காது.

...இருமல் இல்ல. சளியும் இல்ல. நல்லாதான்... எங்க? கழுத்துலயா?

...இருக்குது. காதுக்குக் கீழ, ஒரு கட்டி. வலிக்கலன்னு சொன்னா, அதான் விட்டுட்டோம்...

...சரிங்க, இப்பவே கிருஷ்ணகிரி பெரியாஸ்பத்திரிக்கு கூட்டிக்கினு போறேன். இருங்க... அருணா, பாப்பா எங்க?... எதுக்கு?... எப்ப போனான்?

மேடம், வெச்சிடறேன். கட்டி வத்தறதுக்கு ஊசி போட என் தம்பி பாப்பாவ வண்டியில உக்கார வெச்சி கூட்டிக்கினு போயிருக்கறானாம்... அந்த மணிவேல்கிட்டதான்.